இடுப்பு எக்ஸ்ரே சான்று: 26 என்றால் எந்த 26?

கருப்பு லேப்:
பிரிட்டனிலிருந்து வந்த ஒரு லேப்ரடார் நாயின் பெடிகிரி (வம்சாவளித் தாள்). ஹிப் ஸ்கோர் (இடுப்பு மூட்டுக் கோளாறுக்கான மதிப்பெண்) 26 என்று விளம்பரம். பிவிஏ (பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம்) தாளை வாங்கிப் பார்த்தால் 4:22. வலது மூட்டு சுத்தம், இடது கந்தல்! ஒரு பக்கத்துக்கு ஒன்பது அம்சம் பார்க்கிறார்கள். எட்டுக்கு 0 முதல் 6 வரை, தொடையெலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்தின் பின்விளிம்புக்கு மட்டும் 0 முதல் 5. ஆக ஒரு பக்கம் 53, இரண்டும் சேர்ந்து 106. குறைந்தால்தான் நல்லது. 13:13 போட்ட நாய்க்கும் 26, இதற்கும் 26. கூட்டித் தொலைத்தால் இரண்டும் ஒரே நாய். எஃப்சிஐ (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) முறையில் மோசமான பக்கத்தை வைத்துத்தான் தர எழுத்து விழும், அங்கே இந்த மறைப்பு வேலை நடக்காது.

ஷெப்பர்ட் பட்டி:
இதைவிடக் கொடுமை ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இடுப்புச் சான்றாகத் தரும் 'ஆ' (a) முத்திரை. "முத்திரை இருக்கு சார்" என்பார்கள். முத்திரைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு? 'நார்மல்', 'ஃபாஸ்ட் நார்மல்', 'நோக் ட்சூகெலாசன்' மூன்றுமே 'ஆ' முத்திரைதான். மூன்றாவதற்கு "இன்னும் அனுமதி உண்டு" என்று பொருள். எஃப்சிஐ கணக்கில் ஏ, பி, சி. சி என்றால் லேசான டிஸ்ப்ளாசியா (மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு), மறந்துடாதீங்க. கூடவே ட்சூக்ட்வெர்ட் (இனப்பெருக்க மதிப்பு) எண்ணையும் கேளுங்க. 100 சராசரி, அதற்குக் கீழே போகப்போக நல்லது. உறவுக்கார நாய்களின் முடிவுகளும் அதில் சேர்ந்திருப்பதால் ஒற்றை ஃபிலிமைவிட அதிகம் சொல்லும்.

பெடிகிரி பைத்தியம்:
கருப்பு லேப் சொல்வது சரி, ஆனால் எஃப்சிஐ-யைத் தூக்கி வைக்க வேண்டாம். அங்கே பல இனங்களுக்கு 12 மாதத்திலேயே இறுதி முடிவு, பெரிய இனங்களுக்கு 18. ஓஎஃப்ஏ (நாய் மூட்டுச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) 24 மாதம் முடியாமல் சான்று எண் தராது. மூன்று ரேடியாலஜிஸ்ட் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எண்ணில் ஜி26எம் என்று வந்தால் குட், 26 மாதம், ஆண். கடைசியில் விபிஐ இருந்தால் எக்ஸ்ரே எடுத்தபோது மைக்ரோசிப்பையோ டாட்டூவையோ டாக்டர் சரிபார்த்திருக்கிறார். "ஓஎஃப்ஏ குட்" என்று சொல்லி எண் காட்டவில்லை என்றால், 4 மாதத்துக்கு மேல் எடுக்கும் ப்ரிலிமினரியாக (முதற்கட்ட முடிவாக) இருக்கும்.

ஓஎஃப்ஏ தரங்களை எஃப்சிஐ எழுத்தோடு ஒப்பிடும் ஓஎஃப்ஏ அட்டவணையில் எக்ஸலண்ட் ஏ1, குட் ஏ2, ஃபேர் பி1, பார்டர்லைன் பி2, மைல்டு சி. பிவிஏ 26 முதல் 35 வரை மைல்டு. தோராயம்தான் என்று அவர்களே சொல்கிறார்கள்.

பந்துக்கிண்ணம்:
பிவிஏ, எஃப்சிஐ, ஓஎஃப்ஏ மூன்றுமே ஒரே ஓட்டை உள்ள முறைகள். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைப் பின்னால் நீட்டி இழுக்கும்போது மூட்டுறை முறுக்கிக்கொண்டு பந்தைக் கிண்ணத்துக்குள் தள்ளிவிடும். தளர்வு மறைந்துவிடும். பென்ஹிப் என்ற தளர்வை அளக்கும் முறையில் அதே நாயை மயக்கத்தில் வைத்து, தொடைகளுக்கு நடுவே டிஸ்ட்ராக்டர் (மூட்டை விலக்கும் கருவி) கொடுத்து எடுத்த ஃபிலிமைப் பாருங்க. நீட்டிய படத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த பந்து, இதில் பாதி வெளியே நிற்கும். பந்தின் மையம் நகர்ந்த தூரத்தை அதன் ஆரத்தால் வகுத்தால் டிஐ (தளர்வு எண்). 0.50 என்றால் பாதி ஆரம் நகர்ந்திருக்கிறது. 0.30-க்குக் கீழே இருந்தால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 16 வாரத்திலேயே எடுக்கலாம். 2010-இல் பென்சில்வேனியா குழு 439 நாய்களைப் பார்த்தது. ஓஎஃப்ஏ எக்ஸலண்ட் தரத்திலேயே 52 சதவீதம் டிஐ 0.30-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தன.

பெடிகிரி பைத்தியம்:
பென்ஹிப்பை உருவாக்கியவர்களே செய்த ஆய்வு அது. தளர்வு இருக்கிற எல்லா நாய்க்கும் தேய்மானம் வருவதில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: பென்ஹிப்பில் எடுத்த ஃபிலிமை அனுப்பியே ஆகணும். ஓஎஃப்ஏ-வில் மோசமான முடிவை உரிமையாளர் சம்மதித்தால்தான் வெளியிடுவார்கள். ஒரு ஈத்தில் எட்டுக் குட்டி, ஓஎஃப்ஏ இணையதளத்தில் இரண்டு பேர்தான் தெரிகிறது என்றால் மற்ற ஆறும் எடுக்கவே இல்லையா, எடுத்து மறைத்தார்களா, சொல்ல முடியாது.

எக்ஸ்ரே மேசை:
எந்த முறை என்று சண்டை போடுவதற்கு முன் ஃபிலிம் ஒழுங்காக இருக்கா பாருங்க. பாதிப் பிரச்சினை அங்கேதான். இடுப்பெலும்பிலிருந்து முழங்கால் வரை ஃபிலிமில் விழணும். இரண்டு தொடையெலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக, முழங்கால் உள்பக்கம் திருகி, சில்லு நட்டநடுவில். சில்லு வெளியே ஓடியிருந்தால் தொடையெலும்பின் கழுத்துக் கோணமே பொய். இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவில் தெரியணும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் இடுப்பு சாய்ந்திருக்கு. ஒரு மூட்டு ஆழமாகவும் மற்றது ஆழமில்லாததாகவும் காட்டும். காலை இன்னும் இழுத்தால் சரியாகாது, உடம்பைத் திருப்பணும். எஃப்சிஐ-க்கு மயக்க மருந்து கட்டாயம். ஓஎஃப்ஏ பரிந்துரையோடு நிறுத்திக்கொள்கிறது. விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கி, தளர்வான மூட்டையும் நல்லதாகக் காட்டிவிடும். மைக்ரோசிப் எண்ணும் தேதியும் எடுக்கும்போதே ஃபிலிமில் பதியணும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டினால் செல்லாது. பெட்டை ஹீட்டில் இருந்தால் எடுக்காதீங்க, முடிந்து மூன்று நான்கு வாரம் போகட்டும். குட்டி போட்டிருந்தால் பால் மறந்து ஒரு மாதம்.

கருப்பு லேப்:
ஹீட் பற்றி யாரும் கேட்கலை சார் :) 4:22-க்கு வருவோம். அந்த 22 எங்கே விழுந்திருக்கு என்று தாளில் வரிவரியாக இருக்கும். நார்பர்க் கோணத்திலும் (பந்து கிண்ணத்துக்குள் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதன் அளவு) பந்து விலகலிலும் குவிந்திருந்தால் தளர்வு. பந்தின் கழுத்தில் எலும்பு முளைப்பு, பந்து உருமாற்றம், இந்த இரண்டு வரியிலும் எண் ஏறியிருந்தால் தேய்மானம் ஏற்கெனவே ஆரம்பித்தாச்சு. விற்பவரிடம் அந்தத் தாளைக் கேட்டால் இதுவரை மூன்று முறை முதல் பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்.