முதல் பத்துப் பட்டியலும் அந்த 2 நிமிடமும்

நடுநிசிநரி | இரவு 10.12

“என்ன பார்ப்பது” இழையில் ஒற்றைச்சந்தா எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. அவருடைய வரிகளை அப்படியே தருகிறேன்:

> ஐந்து ஓடிடி சந்தா வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஸ்க்ரோல் செய்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எனக்கு ஒரே சந்தா. முதல் பத்துப் பட்டியலைத் திறப்பேன், மேலே இருப்பதைப் போடுவேன். கோடிப் பேர் பார்த்தது மோசமாகவா இருக்கும்?

கோடிப் பேர் பார்த்தார்களாம். ஐயா, 2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்ததுண்டா? ஒரு வீட்டில் 2 நிமிடம் ஓடினால் போதும், அந்த வீடு அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்ததாகக் கணக்கு. அதற்கு முன் ஒரு எபிசோடிலோ படத்திலோ 70 சதவீதம் பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. 70 சதவீதம் எங்கே, 2 நிமிடம் எங்கே! ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குள் 2 நிமிடம் ஓடிவிடும். இதை நம்பித்தான் இவர் இரவு முழுவதையும் அடகு வைக்கிறார், போதாததற்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஒற்றைச்சந்தா | இரவு 10.20

நரியாரே, நீங்கள் பங்குதாரர் கடிதம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு சீசனையே முடித்துவிட்டேன். யார் நேரத்தை வீணாக்கியது?

கணக்குப்பிள்ளை | இரவு 10.31

2 நிமிடக் கதை பழசு. 2021 நவம்பரில் வாரா வாரம் பட்டியல் போட ஒரு தனி வலைத்தளம் திறந்தார்கள். அன்றிலிருந்து பார்த்த மொத்த மணி நேரம்தான் கணக்கு. 2023 ஜூனில் அதையும் மாற்றி, மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து “பார்வைகள்” என்று போடுகிறார்கள். 10 மணி நேரத் தொடரை எல்லாரும் சேர்ந்து ஒரு கோடி மணி நேரம் பார்த்தால் 10 லட்சம் பார்வை. அதே ஒரு கோடி மணி நேரம் 2 மணி நேரப் படத்துக்குக் கிடைத்தால் 50 லட்சம் பார்வை. இதில் 2 நிமிடம் எங்கிருந்து வந்தது? செத்த பாம்பை அடிக்க வேண்டாம்.

நடுநிசிநரி | இரவு 10.44

வாருங்கள் கணக்குப்பிள்ளை. எந்த இழையில் நான் வாயைத் திறந்தாலும் ஐந்தொகையோடு வந்து உட்காருவது உங்கள் வழக்கமாயிற்றே.

நீங்கள் சொன்ன வகுத்தலையே எடுத்துக்கொள்கிறேன். அதே 10 மணி நேரத் தொடர். 300 பேர் ஆளுக்கு 2 நிமிடம் பார்த்து, “சீ” என்று நிறுத்திவிட்டார்கள். 300 பெருக்கல் 2, அறுநூறு நிமிடம். அதாவது 10 மணி நேரம். உங்கள் கணக்கில் இது முழுசாக ஒரு பார்வை! தொடரை ஒரு ஆள்கூட முடிக்கவில்லை, முதல் எபிசோடையே யாரும் தாண்டவில்லை, ஆனால் பார்வை ஒன்று. 2 நிமிடம் செத்துவிட்டதா, வேடம் மாற்றிக்கொண்டதா?

கணக்குப்பிள்ளை | இரவு 10.52

பழைய முறையில் அந்த 300 பேரும் 300 வீடாக எண்ணப்பட்டிருப்பார்கள். இப்போது 1. முந்நூறுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது?

தலையணைமந்திரி | இரவு 10.55

ஒரு சந்தேகம். முதலில் “பார்த்தது” என்றால் என்ன என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமே? முடித்தால் பார்த்ததா, ரசித்தால் பார்த்ததா, தூங்கிப்போனாலும் பார்த்ததா? ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நடுநிசிநரி | இரவு 10.57

அதெல்லாம் அப்புறம். 2 நிமிடத்துக்குப் பதில் வரட்டும்.

மாதம்ஒன்று | இரவு 11.03

எதற்கு இந்தச் சண்டை? ஒரு மாதம் ஒரு சேவை, அடுத்த மாதம் வேறு சேவை. பார்க்க வேண்டியவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சேவையில் மூன்று, நான்கு சேர்ந்ததும் சந்தா எடுங்கள், எடுத்த அன்றைக்கே ரத்தும் செய்துவிடுங்கள். பெரும்பாலான மாதச் சந்தாக்களில் ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். மறந்துபோய் அடுத்த மாதமும் பணம் கழியாது. வாரம் ஒரு எபிசோடு விடும் தொடரை மட்டும் முடியும்வரை தொடாதீர்கள். எட்டு எபிசோடு என்றால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் ஏழு வாரம், இரண்டு மாதச் சந்தா தண்டம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஜஸ்ட்வாட்ச் போன்ற தேடுதளங்கள் இருக்கின்றன. முதல் பத்தைத் திறக்கவே வேண்டாம்.

ஒற்றைச்சந்தா | இரவு 11.06

ஏழு வாரம் பொறுத்திருந்தால் அதற்குள் கதை முழுவதையும் கணக்குப்பிள்ளை இங்கே சொல்லி முடித்திருப்பார்.

நடுநிசிநரி | இரவு 11.14

முதன்முறையாக ஒற்றைச்சந்தா உண்மை பேசியிருக்கிறார். போன முறை நான் மூன்று சீசன் பொறுமையாகப் பார்த்து வந்த தொடரில் கடைசியில் யார் சாகிறார் என்று தலைப்பிலேயே போட்டவர் இந்தக் கணக்குப்பிள்ளைதானே? அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

மாதம்ஒன்று அவர்களே, உங்கள் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தாளில் எழுதும் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? யாரோ “எல்லாரும் பார்க்கிறார்கள்” என்று சொல்லித்தானே? அந்த எல்லாரும் யார்? 2 நிமிட ஆட்கள். 2020 கடிதத்திலேயே இருக்கிறது: புதிய கணக்கில் எண்ணிக்கை பழையதைவிட ஏறத்தாழ 35 சதவீதம் கூடுகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். “அவர் பிளானட்” (Our Planet) என்ற ஆவணத் தொடர், பழைய கணக்கில் 3.3 கோடி வீடு, புதிய கணக்கில் 4.5 கோடி வீடு. ஒரு காட்சிகூடக் கூடவில்லை, அளவுகோலை மாற்றியதும் 1.2 கோடி வீடு முளைத்துவிட்டது. விளைச்சல் என்றால் இதுதான் விளைச்சல்!

கணக்குப்பிள்ளை | இரவு 11.19

தலைப்பில் போடவில்லை. முதல் வரியில் போட்டேன்.

மற்றபடி நீங்கள் சொன்னது அத்தனையும் 2020. இப்போது இருப்பது 2023 ஜூனில் வந்த முறை. காலண்டர் வாங்குங்கள்.

சப்டைட்டில்தங்கம் | இரவு 11.25

முதல் வரி தலைப்புக்குக் கீழேயே தெரியும் சார். திறக்காமலே படித்தோம். எனக்கும் கெட்டுப்போனது.

பழையஆன்டெனா | இரவு 11.33

முன்பெல்லாம் நெட்ஃபிளிக்ஸில் நட்சத்திரம் இருந்தது, ஐந்துக்கு எத்தனை என்று போடலாம். 2017-ல் அதைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரல் வைத்தார்கள். 2022-ல் இரட்டைக் கட்டைவிரல். நல்ல பரிந்துரை வேண்டும் என்று 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டியே வைத்தது. தங்கள் கணிப்பு முறையை 10 சதவீதம் மேம்படுத்துகிறவருக்குப் பத்து லட்சம் டாலர். 2009-ல் ஓர் அணி வென்று பரிசும் வாங்கியது. கடைசியில் வென்ற முறையை முழுசாகப் பயன்படுத்தவே இல்லை, அதைப் பொருத்த ஆகும் உழைப்புக்குத் தகுந்த பலன் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய மூளைகள் சேர்ந்தும் என் ரசனையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

நடுநிசிநரி | இரவு 11.36

அண்ணே, நட்சத்திரம் போடவாவது படத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2 நிமிடத்துக்கு அதுகூட வேண்டாம்.

ஒற்றைச்சந்தா | இரவு 11.41

நரி எதைத் தொட்டாலும் 2 நிமிடத்தில் வந்து நிற்கிறார். நூடுல்ஸ் பாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு விளம்பரம் கிடைத்திருக்காது. எப்படியும் ஒரே சந்தாவில் நிம்மதியாக இருப்பவன் நான். ஐந்து சந்தா கட்டுகிறவர்கள் அழுங்கள்.

சப்டைட்டில்தங்கம் | இரவு 11.44

அந்த ஒரே சந்தாவும் உங்கள் மச்சானுடையது என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். “மச்சான் பாஸ்வேர்டு மாற்றிவிட்டான், என்ன செய்வது” என்று தனி இழையே திறந்தீர்கள்.

ஒற்றைச்சந்தா | இரவு 11.46

அது வேறு விஷயம்.

சப்டைட்டில்தங்கம் | இரவு 11.47

எப்படி வேறு விஷயம்? அப்படியானால் உங்கள் பேர் அரைச்சந்தா.

பழையஆன்டெனா | இரவு 11.52

அவரை விடுங்கள். பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017-ல் நெட்ஃபிளிக்ஸே ட்விட்டரில் எழுதியது. 2023-ல் அதே நிறுவனம், ஒரே வீட்டில் இல்லாதவர் பார்த்தால் கூடுதலாகக் கட்டு என்றது. அன்புக்கு ஆறு வருடம்தான் ஆயுள். மச்சான் என்ன செய்வான் பாவம்.

கணக்குப்பிள்ளை | இரவு 11.58

பாஸ்வேர்டு இரவல் கேட்பவர் “கோடிப் பேர் பார்த்தது” என்று பேசுவதும், 2020-ஐ விட்டு நகராதவர் அவரைத் திருத்த வருவதும்… நல்ல ஜோடி.

நடுநிசிநரி | நள்ளிரவு 12.09

என்னை அவரோடு ஜோடி சேர்க்காதீர்கள். நான் என் சொந்தக் காசில் ஏமாந்தவன்.

சொல்கிறேன், கேளுங்கள். ஒரு சேவையில் ஒரே ஒரு தொடருக்காக வருடச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். பட்டியலில் மேலே இருந்தது, எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். இரண்டு எபிசோடு பார்த்தேன், வேலை வந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று வாட்ச்லிஸ்டில் போட்டு வைத்தேன். இரண்டாம் மாதம் திறந்தால் தொடரே இல்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். மிச்சம் பத்து மாதம் அந்தச் சேவையின் முகப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் கண்ட பலன். வாங்கிய உரிமம்தான் போகும், சொந்தத் தயாரிப்பு போகாது என்று சமாதானம் சொல்ல வருவீர்கள். 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி சேவை தன் சொந்தத் தொடரான வெஸ்ட்வேர்ல்டையே தூக்கியது. அதன் பிறகு 2023-ல் தன் பெயரிலிருந்து எச்பிஓவைத் தூக்கியது. 2025-ல் பெயரைத் திரும்ப ஒட்டிக்கொண்டது. பெயருக்கே நிலை இல்லாத இடத்தில் தொடருக்கு என்ன நிலை?

இவ்வளவுக்கும் ஆரம்பம் எது? யாரோ 2 நிமிடம் பார்த்துவிட்டுப் போனது பட்டியலில் மேலே ஏறியதுதான்.

கணக்குப்பிள்ளை | நள்ளிரவு 12.13

நீங்கள் வருடச் சந்தா கட்டிய சேவை 2 நிமிடக் கணக்கை வைத்திருந்ததா? அந்தக் கணக்கு நெட்ஃபிளிக்ஸுடையது. ஒவ்வொரு சேவைக்கும் அளவுகோல் வேறு. வேறு ஊர் மழைக்கு இங்கே குடை பிடிக்கிறீர்கள்.

நடுநிசிநரி | நள்ளிரவு 12.15

எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

மாதம்ஒன்று | நள்ளிரவு 12.18

அதனால்தான் வருடச் சந்தா வேண்டாம், மாதம் மாதம் எடுங்கள் என்று சொன்னேன். யாராவது படித்தீர்களா?

புதுவரவு | நள்ளிரவு 12.24

வணக்கம், நான் இங்கே புதிது. எபிசோடு அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்துபோன தொடராக இருக்க வேண்டும், ரத்தம் கூடாது. ஏதாவது சொல்வீர்களா? ஒரு மணி நேரமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

தலையணைமந்திரி | நள்ளிரவு 12.27

நல்ல கேள்வி. எந்தெந்த சேவை வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால்

நடுநிசிநரி | நள்ளிரவு 12.28

கவனித்தீர்களா? கவனித்தீர்களா? “போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்”! சாட்சி தானாகவே வந்து கூண்டில் ஏறிவிட்டது. தம்பி, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் ஓடியது? உண்மையைச் சொல்லுங்கள்.

புதுவரவு | நள்ளிரவு 12.30

நான் தங்கை. அளந்து பார்க்கவில்லை. மூன்று, நான்கு நிமிடம் இருக்கும். சிலது தானாகவே முன்னோட்டம் ஓடியது.

நடுநிசிநரி | நள்ளிரவு 12.31

மன்னிக்கவும் தங்கையே. மூன்று, நான்கு நிமிடம்! 2-ஐ விட அதிகம்! இவர் வேண்டாம் என்று தள்ளிய அத்தனை தொடரும் இன்றைக்கு மார்தட்டும்.

சப்டைட்டில்தங்கம் | நள்ளிரவு 12.34

முன்னோட்டம் தானாக ஓடுவதை நிறுத்தலாம். 2020 பிப்ரவரியிலேயே நெட்ஃபிளிக்ஸ் அந்த வசதியைக் கொடுத்தது. ப்ரோஃபைல் அமைப்புகளில் ஆட்டோப்ளே என்று இருக்கும்.

ஒற்றைச்சந்தா | நள்ளிரவு 12.36

தங்கைக்கு ஒரே வழி, முதல் பத்தில் மேலே இருப்பதைப் போடவும்.

சப்டைட்டில்தங்கம் | நள்ளிரவு 12.37

மச்சானிடம் கேட்டுவிட்டா?

கணக்குப்பிள்ளை | நள்ளிரவு 12.41

நரி, அவர் ஓட்டிய நான்கு நிமிடம், 10 மணி நேரத் தொடரில் 150-ல் ஒரு பங்கு. அதாவது 0.0067 பார்வை. இதுதான் மார்தட்டும் லட்சணமா?

நடுநிசிநரி | நள்ளிரவு 12.43

ஆனால் பூஜ்யம் இல்லையே! நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், பூஜ்யம் இல்லை!

கணக்குப்பிள்ளை | நள்ளிரவு 12.44

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

புதுவரவு | நள்ளிரவு 12.50

சரி, நான் தூங்கப் போகிறேன். நன்றி.

நடுநிசிநரி | நள்ளிரவு 12.52

போவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நான்கு நிமிடத் தொடர் இப்போது முதல் பத்தில் எத்தனையாவது இடம்?