மோட்டார் சுற்றுகிறது, விளக்கு எழும்பவில்லை

என்னுடையது 1999 கார்வெட், சி5 (ஐந்தாம் தலைமுறை). முன்விளக்குகள் உள்ளே மறைந்திருந்து, போடும்போது மோட்டாரால் மேலே எழும்பும் வகை. சுவிட்சைத் திருப்பினால் வலது விளக்கு மேலே வரும். இடது விளக்கு அசையாது. பானெட்டுக்கு அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு அடங்கும். மோட்டார் போச்சு, புதுசு போடுங்கள் என்றார்கள். ஆனால் போன மோட்டார் எப்படிச் சுற்றும்? அந்தக் கேள்விதான் என்னை ஸ்பேனரை எடுக்க வைத்தது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். விளக்கு திடீரென்று மூடினால் விரல் நசுங்கிவிடும், தயவுசெய்து யாரும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மோட்டாரின் முனையில் இருக்கும் குமிழைக் கையால் திருகிப் பார்த்தேன். எதிலும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. மூடியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் பற்கள் மழுங்கி, துணுக்குகள் பழைய கிரீஸில் ஒட்டிக் கிடந்தன. மற்ற பக்கத்துப் பற்கள் புதுசு போல இருந்தன. விளக்கு முழுதாக எழும்பி முட்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் சுமை அதே சில பற்கள் மேல்தான் விழுகிறது. இத்தனை வருஷம் அவை தாங்கியதே பெரிசு.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் போடும் பித்தளைச் சக்கரம் வரும்வரை பழையதையே திருப்பி, தேயாத பக்கம் கடிக்கும்படி மாட்டி ஓட்டினேன். பித்தளை மாட்டும்போது துணுக்கு ஒன்றுகூட விடாமல் துடைத்து, புது கிரீஸ் வைத்தேன். இரண்டு விளக்கும் சேர்ந்து கண் விழித்த அந்த நிமிஷத்துக்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறேன்.

—

எனக்கும் இதே சத்தம்தான் அண்ணா, 1989 ஃபயர்பேர்டில். ஆனால் திறந்து பார்த்தால் பற்கள் எல்லாம் நன்றாக இருந்தன. சக்கரத்துக்கு நடுவே மூன்று சின்ன பிளாஸ்டிக் உருளைகள் உண்டு, திருகு விசையை விளக்கைத் தூக்கும் தண்டுக்குக் கடத்துவது அவைதான். அவை மூன்றும் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. உருளைகளை மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. அதனால் பல் நன்றாக இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள், சக்கரத்தின் வயிற்றையும் பாருங்கள்.

—

என் கதை நேர் எதிர். 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5. சத்தமே இல்லை. சத்தம் இல்லையென்றால் பல்சக்கரத்தைத் தேடுவதற்கு முன் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சைப் பாசி போலக் களிம்பு. சுரண்டிச் சுத்தம் செய்ததும் எழும்பியது. அதற்கு முந்தைய மழை இரவில், ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் குமிழைத் திருகித்தான் விளக்கை ஏற்றிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

அப்புறம் அப்படியே 7 அங்குல வட்ட விளக்கையும் மாற்றினேன். விளக்கைச் சுற்றியுள்ள வளையத்தைப் பிடிக்கும் திருகுகளை மட்டும் கழற்றுங்கள். பக்கத்தில் இருப்பவை ஒளியின் கோணத்தைச் சரிசெய்யும் திருகுகள். அவசரத்தில் நான் அதில் ஒன்றையும் சுற்றிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் முழுவதும் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, இரண்டு வெளிச்ச வட்டங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதிலேயே போய்விட்டது.