பழைய பேனலில் ஆஸ்பெஸ்டாஸ்: பிளோயர் அடிக்கலாமா?

மில்ஃபிட்டர்:
கோவை பக்கம் பழைய ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. ஷட்டவுனில் பழைய மின் பேனல்களைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கிட்கேட் ஃபியூஸ் கேரியரை (ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் பிடியை) கழற்றினால், பீங்கானுக்குள் கம்பி போகும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நெசவுத் துண்டு, ஓரம் கரிந்து நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறது. சூப்பர்வைசர் அது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்கிறார், ஆனாலும் வழக்கம்போல பிளோயர் (காற்றடித்துத் தூசியை ஊதும் மெஷின்) அடித்துவிடு என்கிறார். அடிக்கலாமா?

பழையகை:
நாங்களெல்லாம் வாயால் ஊதிவிட்டே மாட்டியிருக்கிறோம் தம்பி, ஒன்றும் ஆகவில்லை. பயமாக இருந்தால் தண்ணீர் தெளித்துத் துடை.

பேனல்போர்டு:
அண்ணே, ஆஸ்பெஸ்டாஸ் நோய் வெளியே தெரிய 20, 30, சிலருக்கு 40 வருடம்கூட ஆகும், அதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. தண்ணீர் தெளிப்பதும் பேனலில் வேண்டாம். சப்ளையை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்ட் செய்த பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணியையும் கேரியரையும் தடித்த பாலிதீன் பையில் இரண்டு அடுக்காகக் கட்டி எழுதி ஒட்டுங்கள். பிளோயர், பிரஷ், சாதாரண வாக்குவம் மூன்றும் கூடாது. அந்தத் துண்டைச் சுரண்டி எடுக்காமல் ஃபியூஸ் யூனிட்டையே மாற்றிவிடுவதுதான் சுலபம்.

மில்ஃபிட்டர்:
சரி. கர்ச்சீப் கட்டினால் போதுமா? பேனலின் பின்பக்கப் பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமோ, அதை என்ன செய்வது?

பேனல்போர்டு:
கர்ச்சீப், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் சும்மா. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் பி100 (நுண்ணிய தூசியையும் தடுக்கும்) ஃபில்டர் மாஸ்க் கேளுங்கள், தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது. பலகையில் துளை போடாதீர்கள், ரம்பம் வைக்காதீர்கள், உடையாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். பழைய ஏர் பிரேக்கர், பெரிய கான்டாக்டர்களின் ஆர்க் சூட் (சுவிட்ச் பிரியும்போது வரும் மின்பொறியை அணைக்கும் கூடு) உள்ளேயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பழக்கம்தான் மோசம்.

லேபர்லா:
பிரிட்டன் 1999-ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. இங்கே முழுத் தடை கிடையாது, அதனால் தயாரித்த வருடத்தைப் பார்த்து இதில் இருக்காது என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, மைக்ரோஸ்கோப்பில்தான் உறுதியாகும், அதுவரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மில் அந்த வகையில் வராது, இருந்தாலும் பிளோயர் அடிக்கச் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுகிறாரா பார்ப்போம்.