மறு: மறு: எல்பிஏ (லைன் புரோப் அசே): துழாவியா, சலாகையா?

குழுவினர்க்கு வணக்கம். காசநோய்க் கிருமி மருந்துக்கு மசியுமா என்று அதன் டிஎன்ஏவை ஒரு பட்டையில் விட்டுப் பார்ப்பது எல்பிஏ சோதனை. அதில் வரும் "புரோப்" என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> "புரோப்" என்பதற்குத் "துழாவி" போதும். "வரித் துழாவிச் சோதனை" என்றால் காதுக்கும் இதமாக இருக்கிறது.

காதுக்கு இதம்தான் ஐயா. ஆனால் மும்பை பரேலில் ஓர் ஆய்வகத்தில் அந்தப் பட்டையை அன்றாடம் கையாளுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அங்கே எதுவும் எதையும் துழாவுவதில்லை.

நடப்பது இதுதான். சளியிலிருந்து காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறோம். வேண்டிய மரபணுத் துண்டுகளை மட்டும் பிசிஆரில் பெருக்குகிறோம். ஈரிழையாக இருப்பதை ஓரிழையாக்கி, பட்டை கிடக்கும் தொட்டியில் விடுகிறோம். பட்டையின் குறுக்கே குட்டி டிஎன்ஏ இழைகளை வரிவரியாக முன்பே பதித்திருப்பார்கள். புரோப் என்பது இவைதான். இவை இருந்த இடத்திலேயே இருக்கும். தேடி வருவது நாம் விட்ட டிஎன்ஏதான். ஜாக்கெட்டில் கொக்கிக்கு நேரே கண்ணி இருந்தால்தான் மாட்டும், ஓரிடம் தள்ளிப்போனாலும் மாட்டாது. இதுவும் அப்படித்தான்: எழுத்து வரிசை பொருந்தினால் பற்றும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். பற்றிய இடத்தில் நிறக்கோடு தெரியும்.

அதனால் என் பரிந்துரை "பற்றிழை". சோதனைக்குப் பெயர் "பற்றிழைப் பட்டைச் சோதனை". சலாகை பழைய சொல், அழகான சொல். ஆனால் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும் கம்பி அது. மேலே சொன்ன தடை அதற்கும் பொருந்தும்.

புதுச்சொல் இன்னொரு கருவியிலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? குப்பிக்குள்ளேயே பிசிஆர் நடத்திக் காசநோயைக் கண்டறியும் சிபிநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் எல்பிஏவுக்கு 2008இலும் இதற்கு 2010இலும் ஒப்புதல் தந்தது. முதலில் வந்த அதன் குப்பிக்குள் ஐந்து புரோப்கள். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி மசியாமல் போவதில் சுமார் 95 விழுக்காடு, ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் நேரும் பிறழ்வுகளால்தான். அந்தப் பகுதியை இந்த ஐந்தும் பங்கிட்டுக்கொள்கின்றன, பற்றினால் ஒளிரும். "ஒளிர் பற்றிழை" என்றால் சரியாக உட்கார்கிறது. "ஒளிர் துழாவி" என்றால் டார்ச் லைட் போலத் தொனிக்கும்.

சிபிநாட் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடும், பிறகு எல்பிஏ எதற்கு என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அந்த முதல் குப்பி ரிஃபாம்பிசினை மட்டும்தான் பார்க்கும். பட்டை ஐசோனியாசிட் என்ற இன்னொரு மருந்தையும் பார்க்கும். அதிலும் கேட்ஜி மரபணுவில் பிறழ்வு என்றால் பெரும்பாலும் கடுமையான எதிர்ப்பு. இன்ஹா மரபணுவின் முன்பகுதியில் என்றால் பெரும்பாலும் மிதமானது, ஆனால் எத்தியோனமைடு என்ற மருந்தும் கைவிட்டுப் போகலாம். மருத்துவர் மருந்தை மாற்றுவது இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது ஓரிரு நாளில் வந்துவிடும்.

இனி எனக்குப் புரோப்பைவிடப் பெரிய தலைவலி. "மருந்து எதிர்ப்புக் காசநோய்" என்று எல்லாத் துண்டறிக்கையிலும் போடுகிறோம். தாராவியில் நம்மவர்கள் "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று கேட்டே பழகியவர்கள். அவர்களுக்கு எதிர்ப்பு என்றால் நல்லது. "எதிர்ப்பு இருக்கு" என்றால் முகம் மலர்கிறது. சிலர் தாங்கள் மருந்தை மறுப்பதாகக் குற்றம் சாட்டுகிறோம் என்று நினைத்துக் கோபித்துக்கொள்கிறார்கள். பாடநூலில் எதிர்ப்பு இருக்கட்டும். நோயாளி கைக்குப் போகும் தாளில் "மருந்துக்கு மசியாத டிபி" என்றே போடுவோம். காசநோய் என்பதைக்கூட நான் வற்புறுத்த மாட்டேன்; இந்த ஊரில் அது டிபிதான்.

பிறழ்வு இல்லாத வகையைக் குறிக்கும் "வைல்டு டைப்" பற்றி ஒரு வரி: தயவுசெய்து "காட்டு வகை" வேண்டாம். இயல்பு வகை.

– பரேலிலிருந்து

---

> அதனால் என் பரிந்துரை "பற்றிழை".

தம்பி, துழாவியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டையைப் பார்க்காமல் நிகண்டைப் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும். "மசியாத" கொஞ்சம் பேச்சுவழக்காக இருக்கிறதே என்று தயங்கினேன். ஆனால் "மசியாமை" என்று பெயராக்கினால் கட்டுரைக்கும் பொருந்துகிறது.

ஒரு சிக்கல் பாக்கி. இயல்பு வகைக்கான கோடு விழவில்லை, பிறழ்வுக் கோடும் விழவில்லை என்றால் என்ன எழுதுவீர்கள்?

– மாட்டுங்காவிலிருந்து

---

அப்படி வருவது உண்டு ஐயா. பட்டையில் பிறழ்வுப் பற்றிழையாக இல்லாத ஏதோ ஒரு மாற்றம் அங்கே இருக்கிறது என்று பொருள். மசியாமை என்றே கணக்கில் எடுப்போம், ஆனால் நேரில் கண்டதல்ல, ஊகித்தது. வரிசையறிதல் செய்தால்தான் எந்த எழுத்து மாறியது என்று தெரியும். சில மாற்றங்கள் மருந்தைத் தடுக்காதவையாகவும் இருக்கும். ஆகவே அறிக்கையில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக்கூடாது. "கண்ட மசியாமை", "ஊகித்த மசியாமை" என்று பிரிக்கலாமா? "கண்ட" என்பதற்கு நம் பேச்சில் வேறு தொனியும் உண்டு, அதுதான் இடிக்கிறது. "கோடு காட்டிய", "கோடு விடுபட்ட" என்று வைத்தால் பட்டையைப் பார்ப்பவருக்கு உடனே விளங்கும். நான் இந்த இரண்டாவது இணையின் பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.

– பரேலிலிருந்து