கல்லறைத் தோட்டச் சுவரும் பெயர்க்கல்லும்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் சங்க உறவுகளுக்கும் வணக்கம்.

நம் ஊரின் மூன்று சபையாருக்கும் பொதுவான கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவருக்கு நன்கொடை கேட்ட மடலைப் படித்தேன். ஈஸ்டருக்கு ஊருக்குப் போன என் தங்கை, ஓடைப்பக்கம் சுவர் சரிந்து கல்லறைகளின்மேல் ஆடுகள் நிற்பதைக் கண்டு அழுதிருக்கிறாள். எனவே வேலை உடனே நடக்க வேண்டும். ஆனால் செலவு முழுவதையும் நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையே ஏற்று, வாசலில் சபையின் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று துபாய் அண்ணாச்சி எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல சபைகள் பகிர்ந்துகொள்ளும் எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில், ஒன்றைச் செப்பனிடுவதே அதற்கு உரிமை கோருவதாகக் கொள்ளப்படும். அந்தத் தயக்கத்தால், இயேசுவின் கல்லறைமேல் உள்ள சிறு மண்டபம் 1947-இல் ஆங்கிலேயர் வைத்த இரும்புச் சட்டங்களின் தாங்கலிலேயே எழுபது ஆண்டுகள் நின்றது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனிய, கத்தோலிக்கத் தரப்புகள் மூன்றும் உடன்பட்ட பிறகே 2016-இல் வேலை தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் நிறைவேறியது. அங்கே முடிந்தது நம் ஊரில் முடியாதா? நம் சபையே, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் தத்தம் பெயரை விட்டுக்கொடுத்ததால் பிறந்ததல்லவா?

என் சின்னம்மா பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருந்த ஒரே காரணத்துக்காக, நம் வரிசையில் அவருக்கு இடமில்லை என்று சொன்னவர்கள் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியும். பொழுது சாயும்வரை அவருடைய சவப்பெட்டி தோட்டத்து வாசலில் இருந்தது. ஆர்.சி. (கத்தோலிக்க) கோயில் பங்குத்தந்தைதான் தம் மக்களின் வரிசையில் குழி வெட்டச் சொன்னார். வெட்டியவர்களில் இருவர், தேர்ப் பிரச்சினைக்குப் பிறகு எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள். ஒவ்வோர் ஆண்டும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, தங்கள் பெற்றோரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது சின்னம்மாவுக்கும் ஒன்று ஏற்றுகிறார்கள். அந்த வாசலில் நம் சபையின் பெயரை மட்டும் பொறித்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்று சபையாரும் கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். மணிக்கூண்டு வேலைக்குப் பின் வராத வரவுசெலவு இம்முறையேனும் மாதந்தோறும் வரட்டும். கணக்கு எண் வந்த அன்றே என் பங்கை அனுப்புகிறேன். பெயர்க்கல்லுக்கு ஒரு ரூபாயும் தர மாட்டேன்.

அன்புடன்,
கீழத்தெரு உபதேசியார் மகன்