உஸ்பெகிஸ்தான்: மொழி தெரியாமல் தனியாகப் போகலாமா?

வேளச்சேரிக்காரன்:
சென்னையிலிருந்து டெல்லி வழியாக தாஷ்கண்ட், அப்புறம் சமர்கண்ட், புகாரா. இந்த ரூட்டுக்கு டூர் ஏஜென்ட் வேண்டியதில்லை என்பது என் கட்சி. இ-விசாவை நாமே எடுக்கலாம். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியோப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஆன்லைனிலேயே கிடைக்கும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் கவலை. டாக்சிக்கு யாண்டெக்ஸ் ஆப் இருக்கிறது. போகும் இடத்தைக் குறித்தால் கட்டணமும் தெரிந்துவிடும். டிரைவரிடம் வாயே திறக்க வேண்டாம். சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கத்தில் மாலை வெளிச்சம் விழும் நேரத்தில் "பஸ் கிளம்புது" என்று யாரும் விரட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

மாம்பலம் வாசகி:
ரயிலும் டாக்சியும் சரி. சாப்பாட்டு விஷயத்துக்கு வாருங்கள். நான் சுத்த சைவம். அவர்கள் ஊர் புலாவான பிலாவில் கறி கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். சமோசா மாதிரியான பூசணிக்காய் சம்சாவில் என்ன செய்வீர்கள்? ருசிக்காக அதிலும் ஆட்டு வால் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. கறி இருக்கிறதா என்று சைகையில் கேட்டால் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட விதம் அப்படி. கூட வரும் கைடு என்றால் சமையல்காரரிடமே விசாரித்துச் சொல்வார்.

வேளச்சேரிக்காரன்:
"இறைச்சி, கொழுப்பு, எலும்பு சூப் எதுவும் கூடாது" என்று ரஷ்யனிலும் உஸ்பெக்கிலும் ஒரு அட்டையில் எழுதி, மொழி தெரிந்தவரிடம் சரிபார்த்துக் கொண்டுபோங்கள். தாஷ்கண்டின் சோர்சு சந்தையில் தந்தூரி அடுப்பில் சுட்ட ரொட்டி, தக்காளி, முலாம்பழம், தயிர் எல்லாம் கிடைக்கும். விலையை கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள்.

ராயபுரம்:
வயதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தனியாகப் போவேன். அறுபத்தைந்து வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போகமாட்டேன். ராத்திரி நெஞ்சு வலி என்று அங்கத்திய ஆம்புலன்ஸ் எண் 103-க்கு அடித்தால் எதிர்முனையில் ரஷ்யனோ உஸ்பெக்கோதான் வரும். அந்தப் பதற்றத்தில் போனை நீட்டி மொழிபெயர்த்துக்கொண்டா இருப்பது?

வேளச்சேரிக்காரன்:
ஓட்டல் ரிசப்ஷன் எதற்கு இருக்கிறது? அவர்களே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். மாத்திரைகளின் ஜெனரிக் பெயர்களை எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துவிட்டால் டாக்டருக்கும் புரியும். இதற்காக முழுப் பயணத்தையும் அடுத்தவர் கையில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

மாம்பலம் வாசகி:
ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரிசப்ஷனில் ஆங்கிலம் பேசுபவர் இருப்பாரா என்று ரூம் போடும் முன் கேட்டீர்களா? அதற்கு உறுதியான பதில் வரும்வரை என் மாமனார் மாமியாருக்குக் குழுப் பயணம்தான்.