தீவு போவாக்களைக் கூண்டில் பெருக்குவது அந்த இனத்தைக் காப்பாற்றுமா?

மணல்மேடு:
கரீபியன் தீவுகளின் போவாப் பாம்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வளர்ப்பவர்கள் தரப்பிலிருந்து ஒரே வாதம் வருகிறது: "நாங்கள் குட்டி எடுப்பதால்தான் இந்த இனங்கள் மிஞ்சியிருக்கின்றன." இதை நான் ஏற்கவில்லை.

ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் இருக்கும் காயோஸ் கோச்சினோஸ் தீவுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட சிறிய போவா ஒன்று அங்கே உண்டு; சந்தையில் அதற்கு 'ஹாக் ஐலண்ட் போவா' என்று பெயர். 1970களின் கடைசியிலும் 1980களிலும் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக அதை வாரிக்கொண்டு போனார்கள். அங்கே அது அற்றுப்போய்விட்டது என்று பேசும் நிலை வந்தது. பிறகு எப்படித் தேறியது? 1993இல் தீவுகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பிடிப்பது குறைந்தது, மிஞ்சியிருந்தவை பெருகின. அவ்வளவுதான். கூண்டில் வளர்க்கும் ஆசைதான் அங்கே அழிவுக்கே காரணம்.

வளைவால்:
அண்ணா, நான் ஜெர்மனியில் ஜமைக்கா போவா வளர்க்கிறேன். ஹாக் ஐலண்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு தீவை வைத்து எல்லாத் தீவுகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

வர்ஜின் தீவுகளின் மரப் போவாவை அமெரிக்காவின் டொலிடோ உயிரியல் பூங்கா 1985இல் கூண்டில் பெருக்கத் தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையோரம் காயோ ரத்தோனெஸ் என்றொரு குட்டித் தீவு. அங்கே எலிகளை ஒழித்த பிறகு, 1993 முதல் கூண்டில் பிறந்தவற்றையும் சேர்த்து 41 பாம்புகளை விட்டார்கள். 2004 வாக்கில் அங்கே சுமார் 500 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கூண்டில் பெருக்கத் தெரியாமல் இதைச் செய்திருக்க முடியுமா?

கூண்டில் பெருக்கும் அந்த அறிவு சும்மா வந்ததல்ல. இந்தப் போவாக்கள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். சிறிய இனங்களின் குட்டி பென்சிலை விட ஒல்லியாக இருக்கும். காட்டில் அது இரவில் கிளை கிளையாக ஊர்ந்து, தூங்கும் அனோல் பல்லிகளைப் பிடித்துத் தின்னும். கூண்டில் அதன் முன்னால் எலிக்குஞ்சை வைத்தால் பெரும்பாலும் தொடாது. எலிக்குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்து வாசனை ஏற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து பழக்க வேண்டும். சில குட்டிகள் அப்படியும் பட்டினி கிடந்து செத்துப்போகும். கியூபா போவா நேர்மாறு: ஈற்றுக்குச் சில குட்டிகள்தான், ஆனால் பிறக்கும்போதே பெரிதாக இருப்பதால் எலியை உடனே ஏற்கும். இரவு வெப்பத்தை எப்போது குறைப்பது, ஆணை எப்போது சேர்த்து விடுவது, இதையெல்லாம் கூண்டோடு வாழ்ந்தவர்கள்தான் கற்றுச் சொன்னார்கள்.

மணல்மேடு:
தம்பி, உங்கள் உதாரணம் என் பக்கத்துக்குச் சாட்சி. அதைச் செய்தது ஒரு பூங்கா, எந்தத் தீவில் விடுவோம் என்ற திட்டத்தோடு. முதல் வேலையாக எலியை ஒழித்தார்கள். எலி இருந்தால் பல்லியும் போகும், பாம்புக்குட்டியும் போகும். வீட்டுக் கூண்டில் பிறக்கும் குட்டிக்கு எந்தத் தீவு காத்திருக்கிறது?

உங்கள் ஜமைக்கா போவாவையே கேட்கிறேன். தீவின் கிழக்கில் இருப்பவையும் மேற்கில் இருப்பவையும் தனித்தனிப் பரம்பரை என்று 2008இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. உங்களிடம் இருப்பவற்றின் மூதாதை எந்தப் பக்கம்? அது தெரியாமல் குட்டியை எந்தப் பக்கத்தில் விடுவீர்கள்?

ஈரநிலம்:
கீரியை யாரும் பேசவில்லையே! 1872இல் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க என்று கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவை இல்லாத இடம் குறைவு. பாம்பைக் கண்டாலே அடிக்கும் மனிதர்கள் வேறு. கூண்டு இதில் எதைச் சரிசெய்யும்?

தீவுக்குருவி:
நான் கால்நடை மருத்துவர். நோயைப் பற்றியும் பேசுங்கள். போவாக்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் வரும் ஐபிடி என்ற நோய்க்கு ரெப்டரீனா வைரஸ்கள் காரணம் என்று 2012 முதல் தெரிகிறது. மருந்தில்லை. வைரஸ் இருக்கும் போவா நீண்ட காலம் நன்றாகவே தெரியலாம். பல நாட்டுப் பாம்புகளை ஒரே அறையில் வைத்திருப்பவர் அங்கிருந்து ஒரு குட்டியைத் தீவுக்கு அனுப்புகிறேன் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தப்பி ஓடுவது இன்னொன்று. அரூபாவில் 1999இல் பெருநிலத்துப் போவா கன்ஸ்ட்ரிக்டர் தென்பட்டது, இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் மாயாகுவெஸ் பக்கமும் அது காலூன்றிவிட்டது. அங்கே சொந்தப் போவா ஏற்கெனவே இருக்கிறது, 1970 முதல் சட்டப் பாதுகாப்பில். அதற்குப் போட்டியாக வந்தது கூண்டிலிருந்துதான்.

வளைவால்:
டாக்டர் சொன்ன இரண்டையும் மறுக்க மாட்டேன். அதனால்தான் என் அறையில் வேறு நாட்டுப் பாம்பு எதுவும் கிடையாது. புதிதாக வருவதற்கு இரத்தப் பரிசோதனை முடியும்வரை தனி வீடு.

ஆனால் எல்லா வளர்ப்பவரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் ஜமைக்கா போவா இருக்கிறது. ஐரோப்பாவில் சான்றிதழ் இல்லாமல் விற்கவே முடியாது. ஜெர்சி தீவில் இயற்கையியலாளர் ஜெரால்ட் டரெல் தொடங்கிய உயிரியல் பூங்கா 1970களிலேயே இதைப் பெருக்கியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் கூண்டுப் பாம்புகளின் வம்சத்தைக் குறித்துவைக்கும் ஐரோப்பியப் பதிவேடு. பூங்காக்களில் இடம் எப்போதும் பற்றாது, புலிக்கும் குரங்குக்கும் பிறகுதான் பாம்பு. அந்த இடத்தை நிரப்ப எங்களைப் போன்றவர்கள் வேண்டும். ஈரநிலம் கேட்டதற்கு: கீரியை என்னால் பிடிக்க முடியாது. கீரி இல்லாத ஒரு சிறு தீவு நாளை தயாரானால் விட வேண்டிய பாம்பு எங்கிருந்து வரும் என்பதே என் கேள்வி.

பஹாமாஸில் 2015இல் கண்டுபிடித்த வெள்ளிப் போவா காட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்கிறார்கள். அதை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், புகார் கொடுங்கள். இதில் உங்கள் பக்கம்தான் நானும்.

மணல்மேடு:
நல்லது. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கிழக்கா, மேற்கா?

வளைவால்:
என் ஜோடியின் வம்சம் பூங்காப் பதிவிலிருந்து வருகிறது. ஆரம்பப் பாம்புகளைத் தீவில் எங்கே பிடித்தார்கள் என்று என் காகிதத்தில் இல்லை. உரித்த சட்டையிலிருந்தே மரபணு எடுக்கலாம், அனுப்பத் தயார்.

மணல்மேடு:
அனுப்புங்கள். முடிவு வரும்வரை குட்டிகளை விற்காதீர்கள்.

வளைவால்:
விற்பேன் அண்ணா. பிறப்பிடம் தெரியாது என்று எழுதிக் கொடுத்து விற்பேன். குட்டிகளுக்குத் தீனி போட வேறு வழி இல்லை.

மணல்மேடு:
அப்படியானால் இனப்பெருக்கத்தை இந்த வருடம் நிறுத்துங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கச் செலவாகாது.

தீவுக்குருவி:
சட்டையை உலரவைத்துக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும்.